விற்ற பசுவின் பால்

பழைய மூணாறு,
ஞாயிறு இரவு

என் அருமைச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாத பழியை இடவப்பாதி மழைமேல் போட்டுவிடுகிறேன். கரண்டு போனால் வர இரண்டு நாள், துவைத்த துணி காய ஒரு வாரம். அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயப்போடுகிறேன். கோயிலுக்கு உடுத்துகிற சேலையிலும் புகை வாசம். சரி, அது கிடக்கட்டும். முதலில் உனக்குப் பசு கதையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வேறு எதுவும் எழுத வராது.

நடு லயத்து அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ வந்திருந்தபோது சுண்டக் காய்ச்சின பாலில் காப்பி போட்டுக் கொடுத்தாளே, அவள்தான். புருஷன் போன பிறகு கொழுந்துக் கூலியும் அந்த ஒற்றைப் பசுவும்தான் அவள் வீட்டை ஓட்டின. போன வருஷம் கீழேயிருந்து ஒரு ஊழியக்காரர் ஏறி வந்தார். எந்த ஊர், எந்தச் சபை என்று கேட்காதே, எழுதமாட்டேன். வெள்ளைத் துணியில் வரைந்த நீளமான படம் ஒன்றைக் கொண்டுவந்து மஸ்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் கட்டினார். ஒரு ஓரத்தில் ஏதேன் தோட்டம், மறு ஓரத்தில் அக்கினிக்கடல், நடுவிலே ஏழு தலையும் பத்துக் கொம்புமாக மிருகங்கள். பிள்ளைகள் இமை கொட்டாமல் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன், பொய் சொல்வானேன். மூன்றாம் ராத்திரிக் கூட்டத்தில் மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்து, குரலைத் தாழ்த்தி, ஆண்டவர் வரப்போவது இதில்தான் என்று ஒரு மாதத்தைச் சொன்னார். தேதி சொல்லவில்லை. "நாளும் நாழிகையும் சொல்லக் கூடாது, அது வேதத்துக்கு விரோதம்" என்றார். மாதம் சொன்னால் விரோதமில்லை போலிருக்கிறது!

மறுவாரமே அக்கா பசுவை விற்றுவிட்டாள். காசு ஆசையில் இல்லை டீ. தான் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகு யார் அதற்குப் புல் அறுத்துப் போடுவார்கள், கட்டுத்தறியிலேயே கிடந்து சாகுமே என்ற கவலை. வந்த விலைக்குக் கீழ் லயத்து வாட்சருக்குக் கொடுத்தாள். அவர் அந்தக் கூட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். சொன்ன மாதம் வந்தது, மழை பெய்தது, போனஸ் பேச்சு நடந்தது, மாதமும் போய்விட்டது. ஊழியக்காரருக்கு இப்போது வேறு மலை, வேறு மாதம். அக்கா மட்டும் தினம் விடியற்காலை தூக்குவாளியோடு கீழ் லயத்துக்கு இறங்கி, தான் விற்ற பசுவின் பாலைத் தானே காசு கொடுத்து வாங்கி வருகிறாள். இவள் காலடிச் சத்தம் கேட்டாலே அது கத்துகிறதாம்.

இதைப் படித்ததும் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். போன கடிதத்திலேயே சொல்லிவிட்டாயே. "இந்த வயசில் உனக்கு எதற்கு வெளிப்படுத்தின விசேஷம்? சங்கீதம் வாசி, நிம்மதியாகத் தூங்கு. எங்கள் ஐயர் அந்தப் புஸ்தகத்தைத் தொடுவதே இல்லை, அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல்" என்று. அங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை. அக்கா ஏமாந்தது அந்தப் புஸ்தகத்தைப் படித்ததால் இல்லை, படிக்காததால். நாற்பது வருஷம் கோயிலுக்குப் போனவளுக்கு அதைத் திறந்து காட்ட யாருமில்லை. நானே முப்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் தானியேலைச் சிங்கக் கெபியோடு நிறுத்தினவள்தானே! ஆறாம் அதிகாரத்துக்கு அப்புறம் ஏழாம் அதிகாரம் உண்டு என்பதே என் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் நடத்தாமல் விட்ட பாடத்தை வழியில் போன ஒருத்தர் மைக் வைத்து நடத்திவிட்டுப் போனார். வாசிக்கிறவர்களுக்குப் பாக்கியம் உண்டென்று முதல் பக்கத்திலேயே வாக்குக் கொடுக்கிற புஸ்தகம் அது. அதைப் போய்ப் பூச்சாண்டி மாதிரி பரண்மேல் வைத்துவிட்டோம்.

இதெல்லாம் நம் காலத்துக் கிறுக்கு என்று நினைக்காதே. உங்கள் பாலக்காட்டுத் தமிழ் பிராமணர் கூட்டத்திலேயே ஒருத்தர் இருந்தார், கேள். 1835இல் பிறந்தவர், பெயர் ராமய்யன். சங்கீதத்திலும் சமஸ்கிருதத்திலும் இருந்த ஞானத்தைப் பார்த்து ஊரே அவரை வித்வான் குட்டி என்றது. 1861இல் மாவேலிக்கரையில் ஜோசப் பீட் என்ற சி.எம்.எஸ். மிஷனரியிடம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் வாங்கி யுஸ்தூஸ் யோசேப்பு ஆனார். அப்புறம் குருப்பட்டமும் பெற்றார்.

அந்தக் காலத்தில்தான் மலைக்குத் தமிழ்ப் பக்கத்திலிருந்து ஒரு காற்று அடித்தது. திருநெல்வேலிச் சீமையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்த அருளப்பன் வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்டியான்பேட்டை என்று ஒரு ஊரையே உண்டாக்கியிருந்தார். 1860இல் அங்கே ஒரு எழுப்புதல். ஜனங்கள் கூட்டத்தில் விழுந்து அழுதார்கள், பாவத்தை வாய்விட்டுச் சொன்னார்கள், பெண்கள் எழுந்து தீர்க்கதரிசனம் சொன்னார்கள். அந்தச் சூடு 1870களில் மலையைத் தாண்டித் திருவிதாங்கூர் சபைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அதில் பற்றிக்கொண்டவர்களில் ஒருத்தர் நம் வித்வான் குட்டி. 1875இல், இன்னும் ஐந்தரை வருஷத்தில் ஆண்டவர் வருகிறார் என்று ஒரு வெளிப்பாடு கிளம்பியது. வித்வான் அதை நம்பினார். சி.எம்.எஸ்.ஸை விட்டு வெளியே வந்து உணர்வு சபை என்று தனியாக நடத்தினார். சிரிப்பதற்கு ஆள் கிடைத்தால் ஊர் விடுமா? 'அஞ்சரை வேதக்காரர்' என்று பெயர் வைத்தார்கள்.

1881 வந்தது. நடு லயத்து அக்காவின் மாதம் மாதிரியே அதுவும் வந்து, போனது. ஆவியில் வந்துவிட்டார் என்று அவர்கள் விளக்கம் சொல்லி, யுயோமயம் என்று புதுப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். 1887இல் வித்வான் போய்ச் சேர்ந்தார். ஆனால் பார், மணவாளன் வரக் காணோமே என்று மணவாட்டி ஏங்குகிற மாதிரி மலையாளத்தில் அவர் கட்டின பாட்டு இன்றைக்கும் கோயில்களில் ஒலிக்கிறது. இங்கே மலையாளச் சபைக்காரர்கள் ஒரு அடக்க ஆராதனையில் பாடக் கேட்டேன். பாடினவர்களில் எத்தனை பேருக்கு அந்த 1881 தெரியும்?

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை மலையாளிக்கு வருகைப் பாட்டு எழுதினார் இல்லையா? திருச்சூர்ப் பக்கத்து மலையாளி ராமன்குட்டி சின்ன வயசிலேயே கொழும்புக்குப் போய், பாஸ்டர் பால் ஆகி, 1920களில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். அந்தச் சபையின் வெள்ளுடை ஊழியர்கள் தமிழ்நாடு முழுக்கப் போய் வருகையைப் பிரசங்கித்தார்கள். நாம் என்னவோ வாளையாறிலும் குமுளியிலும் செக்போஸ்ட் வைத்திருக்கிறோம்.

"வித்வான் படிக்காதவரா? அவரே தவறினாரே, நீ எந்த மூலை?" என்று நீ மடக்குவாய். நியாயமான கேள்வி. அவர் என்னைவிட நூறு மடங்கு படித்தவர்தான். ஆனால் அந்த வருஷம் அவருக்கு எந்த அதிகாரத்திலிருந்தும் வரவில்லை, கூட்டத்துக்குள் கிளம்பின ஒரு வெளிப்பாட்டிலிருந்து வந்தது. அதை எதிரில் வைத்து "எந்த அதிகாரம், காட்டுங்கள்" என்று கேட்கிற தைரியம் பக்கத்தில் யாருக்கும் இருக்கவில்லை, அல்லது கேட்டவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். அமெரிக்காவில் மில்லர் என்ற விவசாயி தானியேலை வரிவரியாகப் படித்துக் கணக்குப் போட்டவர்தான். அவர் கூட்டத்தாரும் 1844 அக்டோபர் 22 ராத்திரி முழுக்க வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார்கள். ஒற்றை ஆளாகப் படித்தால் இதுதான். அதனால்தான் நாங்கள் கூட்டமாகப் படிக்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பவுல் தெசலோனிக்கேயாவுக்கு எழுதின இரண்டாம் கடிதத்தை எடுத்து வைத்து இன்னொரு தரம் படித்துப் பார். பேருக்கு வேதம், உள்ளே முழுக்க ஊர்க்கதை. அந்த நாள் வந்தே விட்டது என்று பவுல் பேரிலேயே யாரோ கடிதம் சுற்றுக்கு விட்டிருந்தார்கள் போலிருக்கிறது. சபைக்குள்ளே கலக்கம். கொஞ்சப் பேர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீடு வீடாகப் போய் வம்பு பேசிக்கொண்டிருந்தார்கள். பவுல் அதட்டுகிறார்: வேலை செய்ய மனசில்லாதவனுக்குச் சாப்பாடும் வேண்டாம். கடைசியில், இது என் சொந்தக் கையெழுத்து, என் எல்லாக் கடிதத்துக்கும் இதுதான் அடையாளம் என்று முடிக்கிறார். முதல் நூற்றாண்டு வாட்ஸப் ஃபார்வர்டுக்குக் கையெழுத்துப் போட்டுப் பதில்! இதை யாராவது அக்காவுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் பசு அவள் தொழுவத்தில் இருந்திருக்கும்.

நம் ஃபார்வர்டுகளைக் கேட்கவே வேண்டாம். ஆதார் வந்தபோது அது மிருகத்தின் முத்திரை என்றார்கள். மிசோரத்தில் சிலர் அதே காரணத்துக்காக எடுக்கவே மறுத்தார்கள். கொரோனா ஊசிக்குள் சிப் இருக்கிறது என்றார்கள். நம் தமிழ் வேதத்தில் தண்ணீரைக் கசக்கவைக்கிற நட்சத்திரத்தின் பெயர் எட்டி. செர்னோபில் என்பதும் ஒரு கசப்புச் செடியின் பெயர்தான். 1986இல் அங்கே அணு உலை வெடித்ததும் அதுவே இது என்று சொல்லாத கன்வென்ஷன் மேடை உண்டா? நானும் அப்போது மெய்சிலிர்த்து நோட்டில் குறித்துக்கொண்டேன். நோட்டு இன்னும் இருக்கிறது, வெட்கமாக இருக்கிறது.

தண்ணீர் கசந்தது உன் ஊருக்குப் பக்கத்தில்தானே டீ! பிளாச்சிமடையில் 2000த்தில் கோக்கோகோலா ஆலை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீரில் சோறு வேகவில்லை, வாயில் வைக்க முடியவில்லை என்று பெண்கள் சொன்னார்கள். 2002 ஏப்ரல் 22இல் ஆலைக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் எரவாளர் சமூகத்து மயிலம்மா. 2004இல் ஆலை நின்றது. அந்தப் பந்தலைத் தாண்டி எத்தனை கன்வென்ஷன் வண்டிகள் மைக் கட்டிக்கொண்டு போயிருக்கும்! எட்டி நட்சத்திரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதே புஸ்தகத்தில் பதினோராம் அதிகாரத்தில் பூமியைக் கெடுக்கிறவர்களைக் கடவுள் கெடுக்கப்போகிற காலம் ஒன்று சொல்லியிருப்பதைப் படித்துக்காட்டி நான் கேட்டதில்லை. முழுசாகப் படித்தால் மயிலம்மா பக்கம் போய் உட்காரவேண்டி வருமே!

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை எழுதும்போது கை நடுங்குகிறது. பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி. மலை சரிந்து நாலு லயத்தை அடித்துக்கொண்டு போனது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. எங்களுக்கே மறுநாள்தான் தெரியும். எழுபது பேர். நாலு பேருடைய உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகள், ஒருவருக்கொருவர் சொந்தம். என்னிடம் அ, ஆ எழுதினவர்கள் அதில் உண்டு. வாரக்கணக்கில் ஆற்றோரம் தேடினார்கள். ஒரு நாய் தன் வீட்டுக் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய்.

அந்த ஈரம் காய்வதற்குள் ஒருத்தர் வீடியோவில் வந்து, இது கடைசிக்கால நியாயத்தீர்ப்பு, பாவத்தின் பலன் என்று பேசினார். அதை என் போனுக்கு அனுப்பினது நம் சபை ஆள். அன்றைக்குத்தான் எனக்கு முடிவு வந்தது, இந்தப் பாடத்தை இனி விடக்கூடாது என்று. லூக்கா பதின்மூன்றில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தது வருகிறதே, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டாரே! அதற்குப் பிறகு எழுபது பேரைப் பார்த்து அப்படிப் பேச ஒரு கிறிஸ்தவனுக்கு எப்படி நாக்கு வந்தது? தீர்க்கதரிசனம் தெரிந்தவன் பேசின பேச்சு இல்லை அது. தெரியாதவன் பேச்சு.

எங்கள் மலைக்கு வெள்ளம் புதிதும் இல்லை. 1924இல், கொல்லம் ஆண்டு 1099 என்பதால் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்பார்கள், மூணாறே மூழ்கி, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் அடித்துப்போனது. உலகம் முடிந்தது என்று அன்றைக்கும் சொல்லியிருப்பார்கள். முடிந்தது ரயில்தான், மறுபடி தண்டவாளம் போடவே இல்லை. கொழுந்து மறு வருஷமும் துளிர்த்தது.

முல்லைப்பெரியாறு கதை இன்னும் வேடிக்கை. அதே அணை குமுளிக்குக் கீழே கேரளாவில் இருக்கிறவர்களுக்குத் தலைக்குமேல் தொங்குகிற அழிவு. கம்பத்திலிருந்து ராமநாதபுரம்வரை ஜீவத்தண்ணீர். பென்னிகுயிக் 1895இல் கட்டி முடித்தது. 2011 டிசம்பரில் சண்டை முற்றி, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ் ஆட்கள் மூட்டை முடிச்சோடு காட்டுவழியே தேனிக்கு இறங்கி ஓடினார்களே, அந்த வாரம் அந்திக்கிறிஸ்து எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் இரண்டு பக்கத்துக் கோயிலும் எதிர்ப்பக்கத்தைக் கைகாட்டியிருக்கும். இதற்கு மேல் இதில் நான் வாய் திறக்கமாட்டேன், நான் இரண்டு பக்கத்து அரிசியும் சாப்பிடுகிறவள்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடுகிறோம். கொழுந்து எடுத்துவிட்டு, குளித்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள் வருவார்கள். இடம் பழைய மூணாறு மேட்டுக் கோயில். அந்தக் கோயிலில் ஒரு விசேஷம் உனக்குத் தெரியுமா? கோயிலுக்கு முன்னால் கல்லறைதான் வந்தது. ஹென்றி நைட் துரையின் மனைவி எலினர் 1894இல் காலராவில் இறந்து அந்த மேட்டில் புதைக்கப்பட்டார். கோயில் வேலை தொடங்கியது 1910இல். முடிவில் தொடங்கின கோயில் என்று எங்கள் பெண்கள் ஐக்கியச் செயலாளர் சொல்லுவாள். அவளுக்குப் பேச்சு நன்றாக வரும், வரவு செலவுக் கணக்குத்தான் வராது.

எங்களுக்குச் சட்டம் இரண்டே இரண்டு. யாரும் தேதி சொல்லக் கூடாது, மாதமும் கூடாது. எதைச் சொன்னாலும் "எந்த அதிகாரம்?" என்று ஒருத்தி கேட்டாக வேண்டும். அந்த வேலைக்கு முறைபோட்டு ஆள் வைத்திருக்கிறோம். முதல் மாதம் பயந்துகொண்டேதான் படித்தோம். பத்மு தீவு, ஏழு சபை, ரோமாபுரி ராஜ்யம் என்று மெதுவாக வந்தபோது ஒருத்தி கேட்டாள், "அப்போ இது நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு எழுதின காயிதமா டீச்சர்?" என்று. முப்பது வருஷம் பாடம் நடத்தின எனக்கு அது தோன்றவில்லை, பார்.

அதற்கப்புறம் பதினெட்டாம் அதிகாரம். பாபிலோன் விழுகிறது, அவள் சரக்கை இனி வாங்க ஆளில்லையே என்று வியாபாரிகள் தூரத்தில் நின்று ஒப்பாரி வைக்கிறார்கள். அந்தச் சரக்குப் பட்டியல் இருக்கிறதே, நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும். பொன்னும் வெள்ளியும் முதலில். பிறகு முத்து, பட்டு, தந்தம், வெண்கலம். அப்புறம் லவங்கப்பட்டை, வாசனைத் திரவியம், எண்ணெய், கோதுமை. அதற்கும் கீழே ஆடு மாடு, குதிரை. எல்லாத்துக்கும் கடைசியில் மனுஷருடைய உயிர். விலை குறையக் குறையக் கீழே போகிற மாதிரி எழுதியிருக்கிறது.

நான் படித்து முடித்ததும் ஒருத்தரும் பேசவில்லை. அப்புறம் மூத்த பாட்டி ஒருத்தி தொடங்கினாள். அவள் பாட்டன் போடியிலிருந்து மலையேறின கதை. முன்பணம் கொடுத்த கங்காணி, பேரேட்டில் தலைகளை எண்ணிக் குறித்துக்கொண்டது. பூஞ்ஞாற்றுத் தம்புரானிடமிருந்து மன்றோ துரை 1877இல் இந்த மலையை எழுதி வாங்கின பிறகு, தேயிலைப்பெட்டி டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பித் தொட்டிலில் கொட்டகுடிக்கு இறங்கி, தூத்துக்குடியில் கப்பலேறினது. பெட்டி எத்தனை, எடை எத்தனை, ஆள் எத்தனை என்று ஒரே கணக்குப் புத்தகம். பட்டியலில் தேயிலை மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்றாள். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று மூணாறு ரோட்டில் உட்கார்ந்தவர்களில் மூன்று பேர் எங்கள் பாடத்துக்கு வருகிறவர்கள். 232 ரூபாய் கூலியில் போனஸைப் பாதியாகக் குறைத்ததற்காக, யூனியன்காரர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒன்பது நாள் உட்கார்ந்து இருபது சதவீதத்தை வாங்கினவர்கள். அதில் ஒருத்தி சொன்னாள், "அன்னைக்கு இந்த அதிகாரம் தெரிஞ்சிருந்தா மைக்ல வாசிச்சிருப்பேனே."

இதற்குத்தான் டீ படிக்கச் சொல்கிறேன். பயமுறுத்துகிறவன் கையில் அந்தப் பதினெட்டாம் அதிகாரமே கிடையாது. அவனுக்கு வேண்டியது பதின்மூன்றாம் அதிகாரத்து மிருகமும் ஒரு எண்ணும் மட்டும். மிருகம் எதைத் தின்று வளர்கிறது என்று அவன் சொல்லமாட்டான்.

போன புதன் எரேமியா. அதுவும் கடைசிக்காலப் பாடம்தானா என்று கேட்டார்கள். தானியேலே எரேமியாவின் சுருளைப் படித்துத்தானே பாபிலோன் சிறையிருப்பின் எழுபது வருஷக் கணக்கைத் தெரிந்துகொண்டான்! தெரிந்ததும் அவன் படம் கட்டி மைக் போடவில்லை, இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்து ஜெபித்தான். அந்த எரேமியாவுக்கு எதிரே அனனியா என்று ஒருத்தன் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாரும் ஊர் திரும்பலாம் என்றான். கைதட்டு யாருக்கு விழுந்திருக்கும் சொல்? எழுபது என்றவனுக்கா, இரண்டு என்றவனுக்கா? எரேமியா சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதத்தில், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். வீடு என்ற சொல் வந்ததும் எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலைந்து தலைமுறையாகக் கம்பெனி லயத்தில் இருந்துவிட்டு, வேலை முடிந்த அன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு அந்த வரி வேறு மாதிரிதான் கேட்கும். நில விண்ணப்பத்தைத் தாசில்தாருக்கு மறுபடி எழுதிக் கொடுப்பது என்று அன்றைக்கு முடிவானது. எழுதுகிற வேலை எனக்கு.

நடு லயத்து அக்காவும் இப்போது வருகிறாள். முதல் இரண்டு வாரம் கதவோரம் உட்கார்ந்தாள், முக்காட்டை எடுக்கவில்லை. யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுவாள் என்று நான் முன்கூட்டியே எல்லாரையும் மிரட்டி வைத்திருந்தேன். பதினெட்டாம் அதிகாரத்தை மறுபடி வாசிக்கிற முறை அவளுக்கு வந்தது. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். பொன் வாசித்தாள், முத்து வாசித்தாள், கோதுமை வாசித்தாள். மாடு என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டாள். எங்களுக்கெல்லாம் மூச்சே இல்லை. ஒரு நிமிஷம் கழித்து அவளே சிரித்தாள் டீ! அப்புறம் எல்லாரும் சிரித்தோம், கோயில் என்றும் பார்க்காமல். சிரித்து முடித்துவிட்டு அவள்தான் கேட்டாள், "அந்த ஐயா மாசம் சொன்னாரே, அது எந்த அதிகாரம் டீச்சர்?"

உங்கள் ஐயரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் காட்டு, எனக்கு ஒன்றும் பயமில்லை. பெரிய பாடமாக வேண்டாம், மாதத்துக்கு ஒரு நாள், தெசலோனிக்கேயர் கடிதம் இரண்டிலும் தொடங்கச் சொல். அவர் மறுத்தால் உன் வீட்டுத் திண்ணை இருக்கிறது. ஓணம் விடுமுறைக்கு நீ கட்டாயம் வர வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார், மறையூர் வழியாக வா, அதுதான் உனக்குக் கிட்டே. ஆனால் பகலிலேயே சின்னாரைத் தாண்டிவிடு, யானை நிற்கும். வரும்போது உங்கள் பக்கத்துக் கடலை ஒரு பக்கா கொண்டு வா, புதன்கிழமைப் பாடத்துக்கு அவித்துக் கொடுக்கலாம்.

எல்லாருக்கும் என் அன்பைச் சொல்லு.

உன்,
பழைய டீச்சர்

பின்குறிப்பு: பசுவைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன், வாட்சர் தரமாட்டேன் என்கிறார். அது இப்போது மூன்று மாதச் சினை. போடுகிற கன்று கிடாரியாக இருந்தால் அக்காவுக்கு என்று என் முன்னால் வாக்குக் கொடுத்திருக்கிறார்.